யானை சுமந்தவரும் கல்லில் மிதந்தவரும்

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களிலே, மார்கழி பிறந்து மழை ஓய்ந்த அதிகாலைகளில், கொழுந்து மலையின் மேட்டிலோ இறப்பர்க் காட்டின் விளிம்பிலோ நின்று பார்ப்பவனுக்கு, 2,243 மீற்றர் உயரத்தில் கூம்பி நிற்கும் சிவனொளிபாதமலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அம்மலையின் உச்சியிலுள்ள ஒரே சுவட்டைச் சிவபெருமானுடையது என்று சைவரும், புத்த பகவானுடையது என்று பௌத்தரும், ஆதிபிதாவாகிய ஆதமுடையது என்று இஸ்லாமியரும், அப்போஸ்தலர் தோமையாருடையது என்று பழைய போர்த்துக்கேயரிற் சிலரும் கொண்டாடிவந்த செய்தியைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். ஆனால் அந்தச் சுவட்டைச் சுற்றிலும், அதன் அடிவாரத்துக் குகைகளிலும் நீரோடைகளிலும், சப்ரகமுவை மாகாணம் முழுவதிலும் பரவிக் கிடக்கும் தோட்டத்து மரத்தடிக் கற்களிலும் படிந்திருக்கின்ற அடியார்களின் ஐதிகங்களை ஒருங்கே வைத்து நோக்கி, அவற்றின் இயல்பு யாது, அவற்றால் நாம் அறியக்கூடியது யாது என்று விசாரித்தவர் அரியர்.

இக்கதைகளை என்ன செய்வது என்ற வினாவுக்கு நம்மிடையே வழக்கமாக இரண்டு விடைகள்தாம் கிடைக்கின்றன. பக்தி மிகுந்தவர் அவற்றைச் சரித்திரமாகவே ஏற்றுக்கொள்கிறார். படிப்பு மிகுந்தவர் கல்வெட்டு உண்டா என்று கேட்டு, இல்லையென்றதும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார். இருவரும் செய்வது ஒரே பிழை என்பது என் அபிப்பிராயம். கதையானது அந்த அடியாரைப் பற்றிய வாக்குமூலம் என்று இருவருமே கொள்கிறார்கள். அதனைச் சொல்லிவந்த மக்களின் தேவைகளையும் அச்சங்களையும் உரிமை வழக்குகளையும் காட்டும் வாக்குமூலமாக அதைப் படித்துப் பார்க்க எவரும் முனைவதில்லை. இவ்வாறு படிக்கும் முறையை நன்கு பயின்றவர்கள், அயர்லாந்து, ஸ்கொத்லாந்து, வேல்ஸ், கோர்ண்வால், பிரித்தானி ஆகிய அத்திலாந்திக் கரையோர நாடுகளில் ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கி வாழ்ந்த கெல்த்திய அடியார்களை ஆராய்ந்த பண்டிதர்கள். அவர்களுக்கு நமக்கில்லாத ஒரு வசதி உண்டு: எந்தக் கதை எந்த நூற்றாண்டில், எந்த மடத்தில், யாருடைய பொருட்டு எழுதப்பட்டது என்பதை ஏட்டுச் சான்றுகளைக் கொண்டு பெரும்பாலும் நிர்ணயித்துவிடலாம். ஆகையால் முதலில் அங்கே ஒருமுறை சென்றுவருவது பயனுடையது.

அயர்லாந்தின் ஞானத்தந்தையாகப் போற்றப்படும் பற்றிக் அடிகள் தாமே எழுதியவை என்று ஐயமின்றிக் கொள்ளத்தக்க இரண்டு சிறு நூல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒன்று அவருடைய தன்விளக்கம். மற்றது கொரோட்டிக்கஸ் என்னும் தலைவனின் போர்வீரர்களைக் கண்டித்து வரைந்த நிருபம். சிறுவயதில் கடற்கொள்ளைக்காரரிடம் அகப்பட்டு அடிமையாக விற்கப்பட்டதையும், மந்தை மேய்த்ததையும், தப்பியோடியதையும், பின்பு அதே நாட்டுக்குப் போதகராகத் திரும்பியதையும் உருக்கத்தோடு கூறும் அந்நூல்களில், பாம்புகளை விரட்டிய செய்தி ஒரு வரியேனும் இல்லை. அற்புதங்கள் அடுக்கடுக்காகத் தோன்றுவது, அவர் மறைந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தபின் முயிர்குவும் திரேகானும் எழுதிய சரிதங்களிலேதான். இவர்களில் திரேகான் செய்த வேலை கவனிக்கத்தக்கது: பற்றிக் அடிகள் நடந்த வழியெல்லாம் தாமும் ஊர் ஊராகச் சென்று, இன்ன ஆலயம் அவர் நிறுவியது, இன்ன கிணறு அவர் ஆசீர்வதித்தது என்று பட்டியல் தொகுக்கிறார். அடிகள் நிறுவிய ஆலயமெல்லாம் ஆர்மா நகரத்து ஆதீனத்துக்கே உரியது என்று நிலைநாட்டுவதே அப்பட்டியலின் பிரயோசனம். 807 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஆர்மா ஏட்டில் இச்சரிதங்கள் இரண்டும் பக்கம் பக்கமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அதைப் படிப்பவர் புராணத்தையும் காணி உறுதியையும் ஒரே கட்டில் காண்பார். வேல்ஸ் நாட்டுத் தாவீது அடிகளின் சரிதத்தை 1095 ஆம் ஆண்டளவில், அடிகள் மறைந்து 500 ஆண்டுகள் கழித்து எழுதிய ரிகிவார்க் என்பவருக்கும், தம் திருச்சபை கன்ரபரிக்குக் கீழ்ப்பட்டதன்று என்று காட்டவேண்டிய அவசரம் இருந்தது. பிரசங்கம் செய்கையில் அடிகளின் காலடி நிலம் மேடாக உயர்ந்தது என்ற அற்புதத்தை அந்த அவசரத்தோடு சேர்த்துப் படித்தால், மேட்டின் பொருள் விளங்கிவிடும்.

பாம்பு விரட்டிய கதையைப் பற்றி ஒரு சொல். பனியூழிக்குப் பின் அயர்லாந்தில் பாம்பு இருந்ததற்கே சான்றில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்னும் பாதிரியார் இக்கதையில் தமக்கு நம்பிக்கையில்லை என்று எழுதிவிட்டார். சப்ரகமுவையிலோ சிவன், புத்தர், ஆதம் என்று இத்தனை பேரின் திருவடி பட்டும், எவரும் அட்டையை விரட்டிவிடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களின் கணுக்கால்களே அதற்குச் சாட்சி.

அற்புதங்களின் ஒற்றுமைதான் வாசகரை முதலில் மயக்குவது. கோர்ண்வால் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலரான பீரன் அடிகளை, அயர்லாந்தின் அவிசுவாசிகள் எந்திரக்கல்லில் பிணைத்துச் செங்குத்தான கரையிலிருந்து கொந்தளிக்கும் கடலில் உருட்டிவிட்டார்கள் என்றும், அலைகள் அடங்கி, கல் தெப்பமாகி, அவரைக் கோர்ண்வால் மணற்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றும் அந்நாட்டார் சொல்வர். நம் நாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் இட்டதும், கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரை சேர்ந்ததும் தமிழ்க் குழந்தைக்குத் தெரிந்த கதை. பீரன் அடிகள் ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டினர் என்பர். அப்பர் ஏழாம் நூற்றாண்டினர். இரண்டு கரைகளுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததாகக் கூற முகாந்திரமில்லை. பெல்ஜிய நாட்டு இயேசுசபைப் பண்டிதர் இப்போலித் தெலஹாய், 1905 இல் அடியார் ஐதிகங்களைப் பற்றி வெளியிட்ட நூலில், தாம் பக்தியுள்ள குருவானவராக இருந்தும் சிறிதும் தயங்காமல், இத்தகைய கதைக்கூறுகள் எந்த அடியாருக்கும் பொருந்துமாறு கையிருப்பில் கிடப்பவை என்று விளக்கினார். அது உண்மையே, எனினும் பாதி உண்மை. கல் மிதப்பது பொதுவான கூறு என்று சொல்லிவிட்டால், அது எந்தக் கரையில் ஒதுங்கியது என்ற வினா விடுபட்டுப்போகிறது. அப்பரின் கல் திருப்பாதிரிப்புலியூரில் ஒதுங்கியதும், பீரனின் கல் அவர் பெயரால் இன்றும் விளங்கும் ஊரில் ஒதுங்கியதும் தற்செயலல்ல. பொதுக் கூறாகிய கல்லைக் கரையில் ஏற்றி, ஊரவர் தமக்கென்று சொந்தமாக்கிக்கொள்ளும் இடமே ஆராய்ச்சிக்குரிய இடம்.

இனி விலங்குகள். ஐயோனா தீவின் மடத்தை 563 இல் நிறுவிய கொலும்பா அடிகளின் சரிதத்தை, அவர் 597 இல் மறைந்து ஒரு நூற்றாண்டளவில் எழுதிய அதோம்னான், மரணத்தின் முன்னாளில் நடந்த ஒன்றைச் சொல்கிறார்: மடத்துக்குப் பாற்குடங்கள் சுமந்துவந்த வெண்குதிரை, பாதையோரத்தில் இளைப்பாறியிருந்த அடிகளின் மார்பில் தலையைச் சாய்த்துக் கண்ணீர் விட்டது, ஏவலாள் அதை விரட்ட முயன்றபோது, அறிவில்லாப் பிராணிக்குத் தன் எசமானின் பிரிவு தெரிந்திருக்கிறது, விடு என்றார் அடிகள். இதை வாசிக்கும்போது அதோம்னான் எந்த ஆதீன உரிமைக்கும் வாதாடவில்லை என்றே எனக்குப் படுகிறது. அந்த மடத்துக் கிழவர்களிடம் அவர் கேட்ட நினைவுதான் அது. எல்லா ஐதிகமும் வழக்குரைப்பே என்று கூறும் சில இளைய ஆராய்ச்சியாளருக்கு இந்தக் குதிரையை எடுத்துக் காட்டவேண்டும்.

அயர்லாந்தின் மொனாஸ்டர்பொய்ஸ், மூன் முதலிய இடங்களிலுள்ள கற்சிலுவைகளில் இன்னொரு காட்சி செதுக்கப்பட்டுள்ளது. எகிப்தியப் பாலைவனத்தில் 60 ஆண்டுகள் காகம் கொண்டுவந்த பாதி அப்பத்தால் உயிர் வாழ்ந்த முதல் வனவாசி சின்னப்பரும், அவரைத் தேடிச் சென்ற அந்தோனியாரும், அன்று மட்டும் முழுதாக வந்த அப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் காட்சி அது. சின்னப்பர் இறந்தபோது இரண்டு சிங்கங்கள் வந்து குழி தோண்டின என்று எரோனிமுஸ் நான்காம் நூற்றாண்டில் எழுதினார். அதே சின்னப்பரைத் தமிழ்க் கத்தோலிக்கர் வனத்துச் சின்னப்பர் என்று வணங்குகிறார்கள். எகிப்திலிருந்து புறப்பட்ட ஒரு கதை ஒருபுறம் அத்திலாந்திக் கரையின் கல்லிலும் மறுபுறம் களுகங்கைக் கரையின் லயத்துச் சுவரிலும் ஏறியிருக்கிறது. இங்கே ஒற்றுமைக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. பயண வழியே தெரிகிறது.

அப்பத்துக்குக் காகமும் குழிக்குச் சிங்கமும் வந்த இடத்தில், நம் மலைக்கு யானை வருகிறது. ஷீராஸ் நகரத்து ஷெய்கு அபூ அப்தில்லாஹ் இப்னு கஃபீஃப், 982 இல் மறைந்த சூபி ஞானி. பாரசீகத்தின் சரித்திரத்தில் ஐயத்துக்கிடமின்றி வாழ்ந்தவர். அவருடைய இலங்கை யாத்திரையைப் பற்றிய கதையை நமக்குக் கூறுகிறவர், அவர் மறைந்து 362 ஆண்டுகள் கழித்து, 1344 இல், இங்கு வந்த மொரோக்கோ யாத்திரிகர் இப்னு பதூதா. ஷெய்கு முப்பது பக்கீர்களோடு பாதமலையை நோக்கிச் சென்றார், ஆளரவமற்ற வழியில் திசை தவறிப் பசியால் வாடினர், சீடர்கள் ஒரு குட்டி யானையைக் கொன்று தின்ன அநுமதி கேட்டார்கள், ஷெய்கு மறுத்தார், பசி மிகுந்தமையால் அவர் சொல்லைக் கடந்து கொன்று தின்றனர், அவர் மட்டும் தொடவில்லை. இரவில் யானைகள் திரண்டு வந்து, உறங்கிக் கிடந்தவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து முகர்ந்து கொன்றன, ஷெய்கை முகர்ந்தன, ஒன்றும் செய்யவில்லை. ஒரு யானை தன் துதிக்கையால் அவரைச் சுற்றித் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர் உள்ள இடத்துக்குச் சுமந்துவந்து இறக்கிற்று. ஊரவர் வியந்து அவரை அரசனிடம் அழைத்துச் சென்றனர்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் தெலஹாயின் கையிருப்பில் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். ஆனால் இப்னு பதூதா அடுத்த மூச்சிலேயே அதன் பயனையும் சொல்லிவிடுகிறார். இந்தச் சம்பவத்தின் காரணமாகவே அந்நாட்டு அந்நியமதத்தினர் முஸ்லிம் பக்கீர்களை மதித்துத் தங்கள் வீடுகளில் தங்கவைத்து உணவளிக்கிறார்கள் என்றும், இந்தியாவின் அந்நியமதத்தினர் அவ்வாறு செய்வதில்லை என்றும், ஷெய்கை அவர்கள் பெரிய ஷெய்கு என்று போற்றுகிறார்கள் என்றும் எழுதுகிறார். ஆர்மாவின் கதை நிலத்துக்கு உறுதி எழுதியது. பாதமலையின் கதை வழிப்போக்கனுக்கு இடங்கொடுக்கச் சொல்லிற்று. யானையைக் கொன்று தின்றவன் செத்தான், கொல்லாதவனை யானையே சுமந்தது என்கிறது கதை; கொல்லாமையைப் போற்றும் பௌத்த நாட்டில் அந்நிய மதத்தான் ஒருவன் தான் நம்பத்தக்கவன் என்று காட்டிக்கொள்ள இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்லியிருக்க முடியும்? மறுபக்கத்தையும் அதே யாத்திரிகர் குறித்துவைத்திருக்கிறார். குனக்கார் என்று அவர் எழுதும் தலைநகருக்கு வெளியே, பாதமலைக்கு வழிகாட்டியாக இருந்த ஷீராஸ் ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசலும் அடக்கமும் இருந்தன. பசுவைக் கொன்ற குற்றத்துக்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. பின்பு அவர் மக்களும் அடிமைகளும் வழிகாட்டிகளாயினர். அரசனே அவர் அடக்கத்தை வணங்கிவந்தான். யானைக் கதையை யாத்திரிகரிடம் சொல்லியிருக்கக்கூடியவர் யார் என்று கேட்டால், நான் இந்தக் குடும்பத்தையே சுட்டுவேன். பசு வதையால் உறுப்பிழந்தவரின் சந்ததிக்கு, யானையைத் தொடாமல் பிழைத்தவரின் கதை எவ்வளவு அவசியமாக இருந்திருக்கும்!

இப்னு பதூதாவின் மலையேற்ற விருத்தாந்தத்தை நம் தோட்டப்புறத்தார் வாசித்தால் பல இடங்களில் தமக்குள் சிரித்துக்கொள்வர். அவரைப் புத்தளத்தில் உபசரித்து, பாரசீக மொழியிலே உரையாடி, மலைக்கு அனுப்பிவைத்தவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி; துணைக்கு ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கும் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணரையும், பத்துப் பரிவாரத்தாரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கொடுத்தான். காட்டில் பறக்கும் அட்டை உண்டு, மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர்மேல் பாயும், அதற்கென்று எலுமிச்சம்பழம் ஆயத்தமாக வைத்திருந்து சாற்றைப் பிழிந்தால் உதிர்ந்துவிடும் என்கிறார். அட்டை பறப்பதில்லை, ஆனால் மழைக்காலத்தில் மலைக்குப் போய்வந்தவன் அப்படித்தான் சொல்வான். எலுமிச்சைக்குப் பதில் இன்று சவர்க்காரமும் உப்பும் வந்திருக்கின்றன. உள்ளங்கையளவு சிவந்த மலர்களின் இதழில் இறைவனின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது என்று வழியிற் சொன்னார்களாம். அது மலையுச்சிக் காடுகளில் பூக்கும் செந்நிற மலராகவே இருக்கவேண்டும். உச்சிக்கு ஏறச் சங்கிலிகள், கிள்ரு நபியின் குகை, பாபா தாகிரின் குகை, பாதத்தைச் சுற்றிப் பொன்னும் மாணிக்கமும் இட ஒன்பது குழிகள் என்று, அடியாருக்கு அடியாராக வழி முழுதும் பெயரிடப்பட்டுவிட்டதை அவர் எழுத்தில் காண்கிறோம். 851 இல் எழுதப்பட்ட அரபு வணிகர் குறிப்பில் ஆதமின் சுவடு மட்டும்தான் இருந்தது. 500 ஆண்டுகளில் சுவட்டுக்கு அடியார்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

பலாங்கொடையிலிருந்து கல்தோட்டை செல்லும் வழியிலுள்ள கூரகலை, அதாவது ஜெய்லானி, இதே இயல்பின் மற்றொரு முகம். பக்தாதின் முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி ஆண்டகை (1077–1166) பாதமலையைத் தரிசித்தபின் அங்குள்ள குகையில் பன்னிரண்டு ஆண்டுகள் தவமிருந்தார் என்பது ஐதிகம். ரபீஉல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றமும் கந்தூரியும் நடந்துவந்த இடம் அது. சரித்திரத்தை நோக்கினால், ஆண்டகை பதினெட்டு வயதில், 1095 இல், கல்வி கற்கப் பக்தாதுக்கு வந்தார். 1127 இல் பகிரங்கமாக உபதேசிக்கத் தொடங்கினார். இடையில் பல ஆண்டுகளை இராக்கின் பாழ்நிலங்களில் தனித்துக் கழித்தார் என்று அவர் சரிதங்கள் கூறும். அந்த இடைவெளியில்தான் கூரகலை நுழைகிறது. அடியார் சரிதங்களில் மௌனமான ஆண்டுகள் எங்கே உண்டோ, அங்கேதான் தூரதேசத்தார் தம் ஊரைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். குளோன்பேர்ட் மடத்தை நிறுவிய பிரண்டன் அடிகள் கடற்பயணம் சென்றவர் என்ற சிறு செய்தியைப் பற்றிக்கொண்டு, திமிங்கிலத்தின் முதுகைத் தீவென்று நினைத்து அடுப்பு மூட்டிய கதைவரையில் பிற்காலத்தார் வளர்த்துச் சென்றதும் இப்படித்தான்.

கூரகலையின் குகைகளிலே கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்துக்கள் உண்டு. ஆதலால் அங்கு முதலில் வசித்தவர் பௌத்த பிக்குகள் என்பதில் ஐயமில்லை. அதற்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பு கற்கால மனிதன் வசித்ததற்கும் அகழ்வாராய்ச்சி சான்று தந்துள்ளது. இதனைக் கொண்டு அண்மைக்காலத்தில் எழுந்த கிளர்ச்சிகளை நான் இங்கு விரிக்கப்போவதில்லை. ஒரே குகையில் முந்தியவர் யார் என்று கேட்டு, பிந்தியவரை வெளியேற்றுவதுதான் ஆராய்ச்சியின் பயன் என்றால், மலையுச்சியிலிருந்து நாம் அனைவருமே இறங்கவேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

முந்தியவர் யார் என்ற வினாவை, கெல்த்திய ஆராய்ச்சியிலே ஒரு சாரார் மிகையாகவே வளர்த்தார்கள். கில்டேர் மடத்துப் பிரிஜிட் அம்மையின் திருநாள் பெப்ரவரி முதல் நாள். அதுவே பழைய வசந்தத் திருநாள். அதே பெயருடைய தேவதையைப் பற்றி 900 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட கோர்மாக் நிகண்டு பேசுகிறது. ஆகையால் அம்மை தேவதையின் மறுவடிவம் என்றனர். குறோ பற்றிக் என்னும் 764 மீற்றர் மலையில் பற்றிக் அடிகள் நாற்பது நாள் உபவாசமிருந்தார் என்று நம்பி, ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று வெறுங்காலோடு ஏறும் அடியவர் கூட்டம், பழைய அறுவடைத் திருநாளின் தொடர்ச்சி என்றனர். இருக்கலாம். நம் மலையிலும் சமன் தேவன் புத்தருக்கு முற்பட்ட மலைத்தெய்வமாக இருந்திருக்கலாம். பௌத்த ஐதிகத்தில் புத்தரை அழைத்துத் திருவடியைப் பதிக்கச் செய்பவனே அந்தச் சுமணன்தான். தேவனே அடியவனாகி, வந்தவருக்கு இடம் விட்ட கதை அது. இரத்தினபுரியின் மகாசமன் தேவாலயத்துக்குத் தோட்டத் தமிழரும் நேர்த்தி வைக்கிறார்கள். பெல்மதுளைக் கல்பொத்தாவலை விகாரையிலிருந்து சமன் திருவுருவம் மலைக்குப் புறப்படும் நாளே யாத்திரைப் பருவத்தின் தொடக்கம். இவற்றில் எது பழையது என்பதைக் காட்டிலும், யார் யாரிடமிருந்து எதனைப் பெற்றார் என்பதே எனக்குச் சுவையாகப்படுகிறது.

ஏனெனில் சுவடு என்பது பக்திப் பொருள் மட்டுமன்று. பிரிஜிட் அம்மை அரசனிடம் தன் மேலங்கி மூடும் அளவு நிலம் கேட்டதும், அங்கி விரிந்து விரிந்து குறா வெளி முழுவதையும் மூடியதும் அயர்லாந்தின் கதை. மூவடி மண் கேட்ட வாமனனை அறிந்த நமக்கு அதன் உட்பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. மணிமேகலையே இரத்தினத் தீவத்துச் சமந்தத்தின் உச்சியைப் புத்தரின் அடியிணையோடு சேர்த்துக் குறித்துவிட்டது. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு, மலையேறும் யாத்திரிகருக்கு உணவளிக்க இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலைக் கிராமத்தைத் தானம் செய்ததை அம்பகமுவைக் கல்வெட்டு கூறும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கன் (1581–1593) மலையின் வருவாயைச் சைவ ஆண்டிகளுக்குக் கொடுத்தான்; கண்டியின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) அதைப் பிக்குகளுக்கு மீட்டுக் கொடுத்து, குட்டாப்பிட்டியாக் கிராமத்தையும் சேர்த்து விட்டான். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் அங்கிருந்த ஆண்டிகளில் ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. இரத்தினபுரிப் பாதையில் ஆண்டியமலதென்ன என்று ஓரிடம் இருக்கிறது. ஆண்டி ஒருவர் மாண்ட தட்டை அது என்று சிங்கள மக்கள் சொல்வர். அந்த ஆண்டிகளுக்குச் சேக்கிழாரும் இல்லை, அதோம்னானும் இல்லை. எஞ்சியது அந்தத் தட்டை மட்டுமே.

தோட்டத் தமிழரின் நிலைமையை நோக்கும்போது இந்த ஆண்டிகளின் ஞாபகம்தான் எனக்கு வருகிறது. புலம்பெயர்ந்த மக்களுக்கு அடியார் எப்படி உதவுகிறார் என்பதற்குப் பிரித்தானி சிறந்த உதாரணம். வேல்ஸிலும் கோர்ண்வாலிலும் இருந்து ஐந்தாம் நூற்றாண்டு முதல் கடல் கடந்து அங்கே குடியேறியவர்கள், தங்களைக் கூட்டிவந்தவர்கள் என்று சம்சன், மாலோ, பிரியோக் முதலிய ஏழு அடிகளை வணங்கினர். சிலர் கல்லாலான தோணியிலே வந்தார்கள் என்றும் கதை கட்டினர். ஊர்களுக்கு அவர்கள் பெயரையே இட்டனர். நிலம் அவர்களுக்குச் சொந்தமாயிற்று, கதையும் நிலைத்தது. மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் பின்னர் இறப்பருக்குமாகச் சப்ரகமுவைக்கு வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. காடு வெட்டித் திறந்த ஒவ்வொரு மலையிலும், மிஞ்சிய மரத்தடியில் மூன்று கற்களை நட்டு, மஞ்சள் பூசி, சூலம் ஊன்றி, முனியாண்டியையும் மாடசாமியையும் மதுரைவீரனையும் குடியேற்றினார்கள். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச்சாமிக்குப் படையல்; தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்கு ரோதைமுனி. சக்கரம் காரணமின்றி நின்றதும், பொறியியல் கற்ற துரை திகைத்ததும், கங்காணியின் கனவில் முனி வந்து கடா கேட்டதும், கடா வெட்டியபின் சக்கரம் ஓடியதும் எட்டியாந்தோட்டை முதல் இறக்குவானை வரையில் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை பெயர் மாறிக் கேட்கக்கூடிய கதை. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. அந்தத் துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்துக்காரர். கொலும்பா அடிகளின் ஐயோனாவைத் தம் நாட்டில் வைத்திருந்தும், 1560 இன் சமயச் சீர்திருத்தத்தோடு அடியார்களையெல்லாம் துறந்துவிட்ட மரபினர். ஆயினும் திருவிழாவுக்கு ஒருநாள் விடுமுறையும் கடாவுக்குக் காசும் கொடுத்தவர்கள் அவர்களில் உண்டு.

கொல்லாத ஷெய்கின் கதை வழிப்போக்கனுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததுபோல, கடா கேட்ட முனியின் கதையும் இடம் கேட்கும் கதைதான் என்பது என் துணிபு. துரையின் எந்திரமும் எங்கள் சாமியின் உத்தரவுக்கு உட்பட்டது என்று சொல்வது, காணியும் வாக்கும் இல்லாத மக்களின் வாயிலிருந்து வரும்போது சிறிய வார்த்தையன்று. ஆனால் அந்தக் கதைக்கு ஆர்மா ஏடு கிடைக்கவில்லை. 1948 இன் சட்டம் அவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதிற்று. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில், சிறப்பாக 1981 ஆவணியில், இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்து லயங்கள் பல காலியாயின. சாமிக்கல்லை யாரும் சுமந்துகொண்டு ஓடுவதில்லை. கதை மட்டும் ஆட்களோடு போயிற்று.

சம்சன் அடிகள் வேல்ஸில் பிறந்தவர். ஆயினும் அவருடைய பழைய சரிதம் எழுதப்பட்டது வேல்ஸில் அன்று. கடலுக்கு அப்பால், பிரித்தானியின் ‘தொல்’ என்னும் பெயருடைய நகரத்தில். சப்ரகமுவைத் தோட்டத்து முனிகளின் மகிமையைத் தொகுக்க விரும்பும் ஒருவர், இறக்குவானையின் லயங்களில் எஞ்சியிருப்போரைக் கண்டு பேசியபின், ஒருபுறம் அந்த வன்செயல்களில் துரத்தப்பட்டவர்கள் குடியேறிய வவுனியா, கிளிநொச்சிக் கிராமங்களுக்கும், மறுபுறம் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு தேயிலை நட்ட கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களுக்கும் போகவேண்டியிருக்கும். அங்கே எழுபது வயதைக் கடந்த பாட்டிகளிடம், எந்தக் கங்காணியின் கனவில், எந்த மலை திறந்த வருஷத்தில், எந்த மரத்தடியில் என்று கேட்டால், இன்னும் சில ஆண்டுகளுக்கு விடை கிடைக்கும்.